காணாமல் போன 1.2 லிட்டர்: ஒரு பழைய எஸ்.யூ.வி. கியர்பாக்ஸின் நிகழ்வு ஆய்வு

பார்க்கிங்கிலிருந்து டிரைவுக்கு லீவரை இழுத்தால் வண்டி கொஞ்சம் யோசித்தது. காலையில் முதல் முறை எடுக்கும்போது மட்டும்தான். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி முடித்த பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் நகரும். பத்து நிமிடம் ஓடிய பிறகு அதே வண்டி லீவரைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டிக்கு வயது ஒன்பது. மீட்டரில் 1,42,000 கிலோமீட்டர். லேடர் ஃபிரேம் மேல் உட்கார்ந்த எஸ்.யூ.வி.; ஆறு கியர் ஆட்டோமேட்டிக், அதன் பின்னால் நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ். மாடல் பெயர் வேண்டாம். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும் எந்த வண்டியிலும் இது நடக்கக்கூடியதுதான்.

காலைத் தாமதம் தவிர இன்னும் இரண்டு புகார்கள் இருந்தன. வளைவில் திரும்பி உடனே ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி என்ஜின் மட்டும் உறுமும், வேகம் ஏறாது. சமதளச் சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது, சாலையில் வரி வரியாகக் கோடு போட்ட இடத்தைக் கடப்பதுபோல் ஓர் அதிர்வு வரும். இரண்டு மூன்று நொடியில் நின்றுவிடும்.

என் தவறு எங்கே தொடங்கியது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பார்க்கப் போன அன்று பானெட்டைத் தொட்டபோது சூடாக இருந்தது. “இப்பத்தான் ஒரு வேலையா போய்ட்டு வந்தேன்” என்றார் விற்றவர். உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கியது நான்தான். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, “அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்” என்று பதில் வந்தது. அதையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

“ஆயில் ஃபுல்லா இருக்கு”

இந்த கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது. பக்கவாட்டில் ஒரு ஊற்றும் பிளக், அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் பேனில் ஒரு அளவு பார்க்கும் பிளக். அந்த அடிப் பிளக்குக்கு உள்ளே ஒரு சின்னக் குழாய் நிமிர்ந்து நிற்கும். ஆயில் அந்தக் குழாயின் வாய்க்கு மேலே இருந்தால் பிளக்கைத் திறந்ததும் வழியும், கீழே இருந்தால் வழியாது. அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

முதலில் பார்த்த பட்டறையில் வண்டியைத் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு அந்த அடிப் பிளக்கைக் கழற்றினார்கள். ஆயில் நன்றாகவே ஊற்றியது. தட்டில் ஒரு டம்ளர் அளவுக்கு விழுந்ததும் பிளக்கை முடுக்கிவிட்டு, “ஆயில் ஃபுல்லா இருக்கு சார், உள்ளே கிளட்ச் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும்” என்றார்கள்.

மறுநாள் காலை வண்டி இரண்டு நொடிக்குப் பதிலாக நான்கு நொடி யோசித்தது.

நல்லவேளையாக அந்த நான்கு நொடிதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. யாரும் எதையும் பழுது பார்க்கவில்லை. ஒரு டம்ளர் ஆயில் மட்டும்தான் வெளியே போயிருக்கிறது. அதற்கே நோய் இரண்டு மடங்கு ஆகிறது என்றால், ஆயில் ‘ஃபுல்லா’ இருந்திருக்க முடியாது.

அப்புறம் யோசித்துப் பார்த்தபோது மற்ற அறிகுறிகளும் அதையே சொன்னது புரிந்தது. கிளட்ச் தேய்ந்திருந்தால், ஆயில் சூடாகி மெலிந்ததும் தொல்லை பெரும்பாலும் கூடும். எனக்கு நேர்மாறாக, சூடானால் சரியாகிறது. ஆயில் சூட்டில் பெருகும். மொத்தம் 9 லிட்டர் உள்ள கியர்பாக்ஸ் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். பற்றாக்குறையில் இருக்கும் பம்புக்கு அந்த 400 மில்லி பெரிய ஆறுதல். வளைவில் உறுமுவதும் அப்படித்தான்: பேனில் இருக்கும் கொஞ்ச ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட, பம்ப் ஒரு வாய் காற்றை இழுத்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதே ஆயிலின் அழுத்தம்தான். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. காற்று கலந்த ஆயிலை வைத்துக்கொண்டு எந்தக் கிளட்சும் இறுகப் பிடிக்காது.

அளப்பது எப்படி என்பதே பாதி வைத்தியம்

இரண்டாவதாகப் போனது எனக்குப் பல வருடமாகப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம். ஆட்டோமேட்டிக் மட்டும் பார்ப்பவர். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“பிளக்கைக் கழட்டும்போது இன்ஜின் ஓடிச்சா தம்பி?”

“இல்லண்ணே.”

“அப்ப அது அளவு பார்த்தது இல்ல. ஆயிலை எடுத்தது.”

என்ஜின் நின்றதும் பம்ப் நிற்கிறது. டார்க் கன்வெர்ட்டரிலும் (என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் நிறைந்திருந்த ஆயிலில் ஒரு பகுதி மெல்லப் பேனுக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் அடிப் பிளக்கைத் திறந்தால், ஒரு லிட்டர் குறைவாக உள்ள கியர்பாக்ஸும் நிறைந்ததுபோல் ஊற்றும். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளிலும் இதே விதிதான், பெரும்பாலானவற்றில் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் சூடான பிறகு பார்க்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஹோண்டாவின் பல ஆட்டோமேட்டிக்குகளில் சூடாக்கி, என்ஜினை நிறுத்தி, ஓரிரு நிமிடத்துக்குள் டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்வார்கள். அதனால்தான் பொதுவான யோசனையைவிட அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும் ஒரு பக்கம் மேலானது.

அண்ணன் வண்டியை ராத்திரி முழுக்க அங்கேயே நிற்க வைத்தார். காலையில் லிஃப்டில் ஏற்றி, ரசமட்டம் வைத்து முன்னும் பின்னும் ஒரே உயரமா என்று பார்த்தார். அப்புறம் செய்த முதல் வேலை எனக்குப் பிடித்திருந்தது: பக்கவாட்டில் உள்ள ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் தளர்த்தினார். அடிப் பிளக்கைத் திறந்து ஆயிலை விட்ட பிறகு, மேல் பிளக் துருப்பிடித்து வர மறுத்தால் என்ன செய்வது? ஊற்ற வழியில்லாத கியர்பாக்ஸோடு நிற்க வேண்டியதுதான். அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வண்டிகள் அவரிடம் வந்திருக்கின்றன.

ஸ்கேனரை மாட்டி ஆயிலின் வெப்பநிலையைத் திரையில் வைத்தார். 27 டிகிரி. என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொரு இடத்திலும் நான்கைந்து நொடி நிறுத்தி நிறுத்தி லீவரை நகர்த்தச் சொன்னார். எல்லாக் கிளட்ச் பாதைகளிலும் ஆயில் நிரம்பினால்தான் பேனில் மிச்சம் எவ்வளவு என்பது உண்மையான அளவு. (வீட்டில் ஸ்டாண்டு வைத்துத் தூக்கிச் செய்பவர்கள் கவனிக்க: டிரைவில் போட்டால் அந்தரத்தில் தொங்கும் சக்கரங்கள் சுழலும். காரை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிட அது போதும். பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே கூடாது.) கடைசியாகப் பார்க்கிங்குக்கு வந்து காத்திருந்தோம்.

இந்த கியர்பாக்ஸுக்கு அளவு பார்க்க வேண்டிய வெப்பநிலை 35 முதல் 45 டிகிரி வரை. பேனின் வெளிப்பக்கத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால் சில டிகிரி குறைத்துக் காட்டியது. உள்ளே உள்ள சென்சார் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். திரையில் 38 வந்ததும் அடிப் பிளக்கைத் திறந்தார்.

ஒரு சொட்டு வந்தது. அதுவும் மரையில் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

கைப்பம்பால் பக்கவாட்டுத் துளை வழியாக ஆயில் ஏற்றத் தொடங்கினார். 500 மில்லி. ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர். ஒன்றும் இல்லை. 1.2 லிட்டர் போன பிறகு அடித் துளையிலிருந்து நூல்போல ஒரு தாரை இறங்கியது, மெலிந்து சொட்டாக மாறியது. திரையில் 43. பிளக்கைப் போட்டு முடுக்கினார். இதையே 80 டிகிரியில் செய்திருந்தால், பெருகிய ஆயில் சீக்கிரமே வழிந்து ‘நிறைந்துவிட்டது’ என்று ஏமாற்றியிருக்கும், குளிர்ந்ததும் மறுபடி குறைச்சல்தான். குளிர்ந்த ஆயிலை வைத்து நிரப்பினால் அளவுக்கு மேல் போயிருக்கும். அதுவும் நல்லதில்லை, சுழலும் பாகங்கள் ஆயிலில் மூழ்கி அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை என்றால் மறுபடியும் காற்றுதான்.

மறுநாள் காலை லீவரை இழுத்தேன். உடனே பிடித்தது.

எங்கே போனது?

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். நானும் கிளம்பியிருப்பேன். அண்ணன்தான் விடவில்லை. “இன்ஜின் ஆயில்னா கொஞ்சம் எரியும், குறையும். இது எரியற ஆயில் இல்ல. குறைஞ்சா எங்கயோ போயிருக்கு. கண்டுபிடிக்காம நீ போனா அடுத்த வருஷம் இதே லிஃப்ட்ல நிப்ப.”

கியர்பாக்ஸுக்கு வெளியே கசிவு இல்லை. பேன் கேஸ்கெட் ஓரத்தில் லேசான ஈரத்தூசி இருந்தது, சொட்டுகிற அளவில் இல்லை. கூலர் குழாய்களின் மூட்டுகள் காய்ந்திருந்தன. அடுத்த சந்தேகம் ரேடியேட்டர். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் சின்னக் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அதில் விரிசல் விட்டால் கூலண்டும் ஆயிலும் கலந்து, ஆயில் ரோஸ் நிறப் பால்போல ஆகிவிடும். அது வந்துவிட்டால் கியர்பாக்ஸுக்குப் பெரும்பாலும் முடிவுரைதான். கிளட்ச் தகடுகளில் உராய்வுக் காகிதத்தை ஒட்டியிருக்கும் பசையைத் கூலண்டில் உள்ள தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் பிரித்துவிடும். என் கூலண்டில் எண்ணெய்ப் படலம் இல்லை, ஆயிலிலும் பால் நிறம் இல்லை. மூச்சு வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு அண்டை வீடு. டிரான்ஸ்ஃபர் கேஸ்.

இந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி கியர் ஆயில், தேன் நிறம். கொள்ளளவு 1.4 லிட்டர். அதன் ஊற்றும் பிளக்கின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருந்தால் சரியான அளவு. திறந்தால் விளிம்பில் லேசாக ஈரம் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் ஸ்பானரைப் போட்டு இரண்டு சுற்று தளர்த்தியதுமே கை வழியாக வழிய ஆரம்பித்தது. தட்டை இழுத்து வைத்துவிட்டுப் பிளக்கை எடுத்தார். விரல் பருமனுக்கு ஒரு தாரை சில நொடி பாய்ந்தது. நிறம் தேன் இல்லை. பழைய செங்கல் நிறம்.

ஊற்றும் பிளக் மட்டத்துக்கு மேலிருந்து மட்டும் 850 மில்லி வந்தது. கியர்பாக்ஸில் நாங்கள் ஏற்றியது 1.2 லிட்டர். முதல் பட்டறையின் தட்டில் விழுந்தது கிட்டத்தட்ட கால் லிட்டர். மீதி, டிரான்ஸ்ஃபர் கேஸின் காற்றுக்குழாய் வாயில் பிசுபிசுத்துக் கிடந்தது.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, கியர்பாக்ஸின் வெளித்தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அது விட்டுக்கொடுத்திருக்கிறது. தரையில் ஒரு சொட்டு விழாமல், ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஆயில் குடிபெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சில வண்டிகளில் இரண்டிலுமே சிவப்பு ஆயில்தான் ஊற்றுவார்கள். அங்கே நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, அளவு மட்டும்தான் சாட்சி. நான்கு சக்கர ஓட்டம் உள்ள பழைய வண்டியில் கியர்பாக்ஸ் அளவு குறைந்திருந்தால், வேறு எதையும் பிரிக்கும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கைத் திறந்துபார்க்க வேண்டும் என்று இப்போது நான் கேட்பவர், கேட்காதவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சீலை மாற்ற டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கினார்கள். பழைய சீலின் உதடு நகத்தால் அழுத்தினால் வளையாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. தண்டில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. நகத்தை ஓட்டிப் பார்த்தார், தடுக்கவில்லை. ஆனால் அவர் கண் போனது மேலே கியர்பாக்ஸின் பிரீதருக்கு. உள்ளே ஆயில் சூடாகும்போது காற்று விரிந்து வெளியேற ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும், அதுதான் பிரீதர். என் வண்டியில் அதன் மூடியைச் சுற்றி மண் கல்லாக இறுகியிருந்தது. முந்தைய உரிமையாளர் எப்போதோ ஆழமான சேற்றில் இறக்கியிருக்க வேண்டும். மூச்சு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும்; அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடும்; ஏற்கெனவே கெட்டிப்பட்டிருந்த அந்தச் சீல்தான் அகப்பட்டது. பிரீதரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் அதே கதை திரும்பியிருக்கும்.

அதிர்வு மட்டும் போகவில்லை

அளவு சரியானதும் காலைத் தாமதமும் வளைவு உறுமலும் நின்றன. 60, 70இல் வரும் அதிர்வு அப்படியே இருந்தது. அது வேறு நோய்.

என்ஜின் மிஸ்ஸிங்கா, கியர்பாக்ஸா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அதிர்வு வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே பிடித்தபடி இடது காலால் பிரேக்கை மிக லேசாகத் தொட வேண்டும். பின்னால் வண்டி வராத சாலையில் செய்யவும். பிரேக் விளக்கு எரியும் அளவு போதும். பிரேக் தொட்டதும் பெரும்பாலான வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் விட்டுவிடும். அந்த நொடியே அதிர்வு நின்றால் குற்றவாளி அந்தக் கிளட்ச். என் வண்டியில் நின்றது.

லாக்கப் கிளட்ச் முழுதாக இறுகாமல் கொஞ்சம் வழுக்கியபடியே பிடிக்கும்படிதான் பல வண்டிகளில் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வழுக்கல் வழவழவென்று இருக்க ஆயிலில் உராய்வைப் பதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்துபோனால் கிளட்ச் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு நடுங்கும். ஒரு காலத்தில் இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெயைத்தான் கலந்தார்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்தபிறகு ஆயில் கம்பெனிகள் மாற்றுத் தேடி ஓட வேண்டியிருந்தது. நாம் ‘சிவப்பு ஆயில்’ என்று சாதாரணமாகச் சொல்வதற்குள் இவ்வளவு இருக்கிறது. அந்தச் சிவப்போ வெறும் சாயம். கசிந்தால் எந்த ஆயில் என்று அடையாளம் தெரிவதற்காகச் சேர்ப்பது. நிறம் பொருந்துகிறது என்று வேறு தர எண் உள்ள ஆயிலை ஊற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். புது ரக கியர்பாக்ஸுகள் கேட்கும் ஆயில் பழையதைவிட மெலிசு. கியர் படிகளே இல்லாத சி.வி.டி. ரக ஆட்டோமேட்டிக் வண்டிக்கோ முற்றிலும் வேறு ஆயில்.

வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். நடுவில் அடர்ந்த பழுப்பு, வெளி வளையத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. பழைய வாசனை இருந்தது, கருகிய நாற்றம் இல்லை. பேனை இறக்கியபோது உள்ளே இருந்த நான்கு காந்தங்களிலும் சாம்பல் நிறக் களிம்பு. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் மாவுபோல் இருந்தது. இது தேய்மானத்தின் இயல்பான பொடி. மினுக்கும் சில்லுகளோ கறுப்புச் செதில்களோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

‘1,40,000 ஓடிய வண்டியில் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. என் கணிப்பில் இந்தப் பயத்துக்குக் காரணம் காலந்தவறிய வைத்தியம். ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக ஆயில் மாற்றுவார்கள், ஒரு வாரத்தில் கியர்பாக்ஸ் நின்றுவிடும், பழி புது ஆயில் மேல் விழும். ‘லைஃப்டைம்’ என்பதை நான் நம்பாததற்கும் காரணம் உண்டு. பல கார் கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு ஆண்டில், ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சா, விற்றவர் பேச்சா?

இருந்தாலும் மெஷின் வைத்து அழுத்தி அலசுவதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சாதாரணமாக இறக்கி ஊற்றுவதையே மூன்று முறை, இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, செய்தோம். ஒரு முறை இறக்கினால் 9 லிட்டரில் 4 லிட்டர்தான் வரும், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் முதல் முறைக்குப் பிறகு புது ஆயில் 44 சதவீதம், இரண்டாவதுக்குப் பிறகு 69, மூன்றாவதுக்குப் பிறகு 83. நான்காவது முறை செய்தால் 90ஐத் தாண்டும். அந்த ஏழெட்டு சதவீதத்துக்காக இன்னும் 4 லிட்டரா என்று விட்டுவிட்டோம். முதல் முறையோடு ஃபில்டரும் பேன் கேஸ்கெட்டும் மாற்றினோம். பேன் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கையேட்டில் சொன்ன சொற்ப முறுக்கத்துக்கு மட்டும் முடுக்கினார். அங்கே பலத்தைக் காட்டினால் பேன் வளைந்து, இல்லாத கசிவு வந்துவிடும்.

இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு நாள் நெடுந்தூரம் போனபோது, 65இல் அதிர்வுக்காகக் காத்திருந்து காத்திருந்து, வரவில்லை என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் புது கியர் ஆயில் ஊற்றி, 500 கிலோமீட்டரில் அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதிது ஊற்றினோம், உள்ளே ஒட்டியிருந்த சிவப்பு வெளியேறட்டும் என்று. அதற்குப் பிறகு 10,000 கிலோமீட்டர் ஓடியது. போன வாரம் வண்டியை லிஃப்டில் ஏற்றி அதன் பிளக்கை நானே தளர்த்தினேன், கை வழியே வழியுமோ என்ற பயத்தோடு. எதுவும் வழியவில்லை. சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டேன். நுனியில் ஆயில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தேன் நிறம்.